பின்பக்கத் தட்டி

— மூணு தடவ அடிச்சிட்ட. எடுத்ததும் கட்டு, எடுத்ததும் கட்டு. பக்கத்து சீட்டுல எங்காளுங்க உன்ன திட்டித் தீக்கறாங்க. போலீஸ் கன்ட்ரோல் ரூம்னா உனக்கு விளையாட்டு சாமானாம்மா?

— இன்னும் கொஞ்சம் பேசுங்க மேடம்.

— இன்னாது?

— திட்டினாலும் பரவால்ல. பேசுங்க.

— காலங்காத்தால எவடி இவ... இதப் பாரு, உன் நம்பரு என் கண்ணெதிர்ல ஸ்கிரீன்ல நிக்குது. நான் ஒரு வார்த்த சொன்னா உன் வாசல்ல ஜீப்பு வந்து நிக்கும்.

— வரட்டும் மேடம். அதுக்குத்தான் அடிக்கறேன். என்னை உப்புக் கொட்டாயில போட்டு பூட்டியிருக்காங்க.

— யாரு?

— எங்கப்பா. நேத்து சாயந்தரத்துலேர்ந்து. சத்தமா பேச முடியாது மேடம், வெளிய ஆளு குந்தியிருக்குது.

— அடிபட்டிருக்கா? ரத்தம் கித்தம்?

— இல்ல. கன்னத்துல ரெண்டு வுட்டாரு. அது வழக்கமா வுடுறதுதான்.

— வழக்கமாம்ல, வழக்கம். பேரு சொல்லு.

— அருள்மொழி.

— வயசு?

— பத்தொம்பது முடிஞ்சிடுச்சு.

— எந்த ஊரு, எந்தக் கொட்டாய்? தெளிவா சொல்லு.

— மரக்காணம் மேடம். பக்கிங்காம் வாய்க்கா தாண்டி உப்பளத்துக்குள்ள வந்தா, கெழக்கால கடைசியா தனியா ஒரு கொட்டாய். தனக்கோடி கொட்டாய்னு கேட்டா சின்னப் புள்ளகூட கைய காட்டும்.

— ...

— மேடம்? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன். தனக்கோடி உனக்கு இன்னா வேணும்?

— அவருதான் எங்கப்பா.

— அம்மா பேரு?

— அமராவதி. அது எதுக்கு மேடம்?

— எதுக்கோ. கேட்டா சொல்லு. கொட்டாய் இன்னமும் ஓலைதானா, செவுரு எழுப்பிட்டாங்களா?

— மேல தகரம் போட்டாரு. சுத்தியும் பழைய பனவோலைத் தட்டிதான். கதவு மட்டும் புதுசு. பூட்டும் புதுசு. பூட்டு மேல பிளாஸ்டிக் கவரு வேற சுத்தி வெச்சிருக்காரு, உப்புக்காத்து தின்னுடுமாம்.

— பொண்ண விட பூட்ட நல்லா பாத்துக்கறாரு. சரி, அப்படியே இரு. நான் மைக்குல பேசப் போறேன், உனக்கும் கேக்கும். வாயத் தொறக்காத. ரோந்து ரெண்டு, ரோந்து ரெண்டு, கன்ட்ரோல். எங்க இருக்கீங்க?

— ரோந்து ரெண்டு, ராஜ்கமல் பேசறேன் மேடம். பெரிய முதலியார்சாவடி கிட்ட நிக்கறேன். மீன் லாரி ஒண்ணு ஆக்சில் ஒடிஞ்சு ரோட்ட அடைச்சுக்கினு படுத்திருக்குது, ஓவர்.

— லாரிய வேற வண்டி பாத்துக்கும். நீங்க ஒடனே மரக்காணம் உப்பளத்துக்கு போங்க. கெழக்கால கடைசிக் கொட்டாய். ஒரு பொண்ண பூட்டி வெச்சிருக்காங்க.

— கெழக்கால கடைசின்னா நம்ம தனக்கோடி அண்ணன் கொட்டாயாச்சே! அட போங்க மேடம். இன்னைக்கு அவரு பொண்ணுக்கு பூ வெக்கிறாங்க. மாப்பிள்ள ஊட்டுக்காரங்க வானூர்லேர்ந்து வேன் கட்டிக்கினு வர்றாங்க. எனக்கே சாப்பாட்டுக்கு சொல்லியிருக்காரு. ஒரு போனு அடிச்சா போதும், இன்னா ஏதுன்னு அவரே சொல்லிடுவாரு, ஓவர்.

— அந்த போன எடுத்தீங்கன்னா நான் இங்க எந்திரிச்சு நிப்பேன், ராஜ்கமல். இந்த மைக்குல நீங்க பேசறது, நான் பேசறது, அத்தினியும் ரெக்கார்டு ஆவுது. மேஜர் பொண்ணு. பெத்தவனே பூட்டினாலும் பூட்டு பூட்டுதான். போற வழியில யாருக்கும் போன் கிடையாது. சைரன் கிடையாது. சாப்பாடும் கிடையாது. புரியுதா?

— புரியுது மேடம். ஆனா குடும்ப விஷயம் பாருங்க. நாளைக்கு மேலேர்ந்து யாராவது, யாரு அனுப்பினாங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது, ஓவர்.

— சூர்யகலா அனுப்பினான்னு சொல்லுங்க. எழுத்து எழுத்தா சொல்லுங்க. அதுக்கு வர்றத நான் வாங்கிக்கறேன்.

— ரோஜர். கெளம்பறேன் மேடம். ஓவர்.

— அருள்மொழி, கேட்டியா? வண்டி கெளம்பிடுச்சு. வர்றதுக்கு கொஞ்ச நேரம் புடிக்கும். அதுவரைக்கும் நான் போன வெக்க மாட்டேன்.

— உங்க பேரு சூர்யகலாவா மேடம்?

— ஆமா. இன்னா?

— ஒண்ணுமில்ல. நல்ல பேரு.

— பேரு கெடக்குது. காவலுக்கு யாரு குந்தியிருக்காங்க?

— எங்க சித்தப்பா. கன்னியப்பன். கதவு பக்கமா நெழல்ல பைக்க போட்டு, அது மேல படுத்துக்கினு போன் பாத்துக்கினு இருக்காரு.

— அவனா? இன்னும் ரெண்டு நிமிஷத்துல தூங்கிடுவான் பாரு.

— மேடம்?

— நெழல்ல படுத்தவன் எவனா இருந்தாலும் தூங்குவான்னு சொன்னேன். அது போவட்டும், எதுக்கு பூட்டினாங்க? மாப்பிள்ள புடிக்கலயா?

— மாப்பிள்ள மூஞ்சியவே நான் பாக்கல மேடம், புடிக்குதா புடிக்கலயான்னு எப்டி சொல்றது? நான் போலீஸ் பரீட்ச எழுதினேன். பாஸ் பண்ணிட்டேன். நாளைக்கு வெள்ளனே விழுப்புரம் கிரவுண்டுல ஓட்டம், கயிறு ஏறுறது, எல்லாம். ஒரு நாள் தப்பினாலும் மறுபடி கூப்பிட மாட்டாங்க. அது தெரிஞ்சுதான் அப்பா இன்னைக்கே பூ வெக்கிறாரு. பூ வெச்சிட்டா பொண்ணு வாசப்படி தாண்டக் கூடாதாம்.

— யாரு சொன்னது?

— எல்லாரும்தான். காக்கி போட்டவள எவன் கட்டுவான், ஆம்பளைங்களோட நின்னு பந்தோபஸ்து பாப்பியா, குடும்பத்துல ஏற்கெனவே பட்டது போதாதான்னு.

— ஏற்கெனவே இன்னா பட்டுச்சாம்?

— அத எங்க ஊட்டுல பேச மாட்டாங்க மேடம்.

— பேச மாட்டாங்க. தெரியும்... பொதுவாவே இந்த மாதிரி ஊட்டுல பேச மாட்டாங்கன்னு சொல்றேன். சரி, உனக்கு போனு எப்டி வந்துச்சு? பூட்டறவன் மொதல்ல போனத்தானே புடுங்குவான்.

— புடுங்கிட்டாரு. இது பட்டன் போனு. அம்மா குடுத்துச்சு.

— அம்மாவா?

— காலையில எனக்கு பொடவ கட்டி, தல வாரி, பூ வெச்சு வுட வந்துச்சு. அப்பா கதவுகிட்டயே நின்னாரு. பூ கொணாந்த பையில அடியில இருந்துச்சு இது.

— மறந்து வெச்சிட்டிருப்பா. பொண்ண மாடு மாதிரி கட்டி வெச்சிட்டு அதுக்கு பட்டும் பூவும். வெளக்குமாத்துக்கு பட்டுக் குஞ்சமாம். அவளுக்கு கையி எப்டி வந்துச்சு?

— அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க மேடம்.

— சொல்லுவேன். அப்பன்காரன் பூட்டுவான், அது அவன் குணம். சாவி யாருகிட்ட குடுப்பான்? பொம்பளகிட்ட. தாப்பாள எப்பவும் ஒரு பொம்பளதான் போடறா. நான் பாத்திருக்கேன்.

— அம்மா இன்னைக்கு ரொம்ப இறுக்கிப் பின்னிச்சு மேடம். நாலு முடிச்சு போட்டு, ரெண்டு ரப்பர் பேண்டு போட்டு. வலிக்குதும்மான்னேன். வலிக்கட்டும், அவுராம இருக்கணும்னுச்சு.

— போட்டோவுல நல்லா வுழணும் இல்ல, அதுக்கு.

— மேடம், பயமா இருக்குது. இங்க உள்ள உப்பு அம்பாரம் மட்டும்தான். கண்ணு கூசுது. நீங்க ஏதாவது பேசிக்கினே இருங்க. நீங்க எப்டி போலீஸ் ஆனீங்க?

— நேரா வந்து நாற்காலியில குந்தினேன்னு நெனச்சியா? நான் பாக்காத வேலயே இல்ல கண்ணு. மொத மொத உப்பு வாரினேன். ஆமாம்டி, உன்ன மாதிரி அளத்துலதான். பள்ளிக்கூடம் லீவு வுட்டா கூடை எடுக்கணும். உப்பிட்டவர உள்ளளவும் நெனைன்னு சொல்லுவாங்க, உப்பு வாரினவள ஒரு நாயும் நெனைக்காது. பத்தாவது முடிச்சேன். என்னை விட ரெண்டு மடங்கு வயசுக்காரன் ஒருத்தனுக்கு பேசி முடிச்சாங்க. மாட்டேன்னேன். பூட்டினாங்க.

— உங்களையுமா?

— என்னையும்தான். வந்துட்டேன். ஒரு ராத்திரி அளத்து வரப்புமேலயே நடந்து ரோட்டுக்கு வந்து, பால் வண்டி ஏறி பாண்டிக்கு போயிட்டேன். மறுநாளே என் பேருக்கு தலை முழுகிட்டாங்களாம். நல்லா முழுகட்டும், அழுக்காவது போவும்னு நெனச்சேன்.

— அப்பால?

— இறால் கம்பெனி. ஐஸ் தண்ணியில கைய வுட்டு தல கிள்ளணும், ஓடு உரிக்கணும். வெரலு பத்தும் வீங்கிப் போவும். பஸ்சுல என் பக்கத்துல யாரும் குந்த மாட்டாங்க, அவ்ளோ நாத்தம். அதுகூட பரவால்ல. பாத்ரூம் போறதுக்கு சூப்பர்வைசர்கிட்ட சீட்டு வாங்கிக்கினு போவணும்னு ஒரு ரூல் போட்டான். அந்த சீட்ட அவன் டேபிள் மேலயே நாலா கிழிச்சுப் போட்டுட்டு வந்தேன்.

— சூப்பர் மேடம்.

— இன்னா சூப்பர், ஒரு வாரம் பன்னுதான் சாப்பாடு. அப்பறம் துணிக்கடை. காலையில நின்னா கட மூடற வரைக்கும் நிக்கணும். ஆளே இல்லன்னாலும் குந்தக் கூடாது. எனக்கு நரம்பு சுத்திக்கினு காலு கருவேல மரம் மாதிரி ஆயிடுச்சு. ஒரு நாளு கடையில இருந்த அத்தினி பொண்ணுங்களையும் தரையில குந்த வெச்சேன். தீபாவளி கூட்டத்துல! மொதலாளி ஓடியாந்து இன்னா இதுன்னான். காலு இதுன்னேன். சாயந்தரமே அனுப்பிட்டான்.

— மேடம்.

— சொல்லு.

— சித்தப்பா எந்திரிச்சிட்டாரு. இங்கதான் வர்றாரு.

— பேசாத. வால்யூம கொறச்சு காதோட அழுத்தி வெச்சுக்கோ. நான் மெதுவா பேசறேன். கேக்குதுன்னா நகத்தால ஒரு தட்டு தட்டு... ஆங், வந்துச்சு. கதவ தொறக்கறானா? ஆமான்னா ஒண்ணு, இல்லன்னா ரெண்டு... ரெண்டு. நல்லது. தட்டிக்கு அந்தாண்ட நின்னு உத்துக் கேக்கறானா?... ஒண்ணு. கேக்கட்டும். மூச்ச மூக்கால வுடு. வாயத் தொறந்தாதான் அழுக வரும். அழறியா?... ஒண்ணா? உண்மைய சொல்றதுக்கு இன்னும் கொஞ்சம் மெதுவா தட்டலாம் நீ. அழு, ஆனா சத்தம் வராம அழு. எங்க கான்ஸ்டபிள் டிரெய்னிங்ல அதுக்கும் கிளாஸ் எடுத்திருக்கணும், எடுக்கல. நானா கத்துக்கினேன்... போயிட்டானா?... இன்னும் இல்ல. இருக்கேன் கண்ணு. எங்கயும் போவல. உன் வண்டி கூனிமேடு தாண்டியிருக்கும். நீ நாளைக்கு கிரவுண்டுல ஓடப் போற. இன்னைக்கே ஓட வேண்டி வரும், அது வேற விஷயம்... இப்ப?... ஒண்ணு. போயிட்டான். நல்லா மூச்சு வுடு.

— ஒண்ணுக்கு போறதுக்கு வந்தாரு மேடம். போயி மறுபடியும் படுத்துக்கினாரு.

— நான்தான் சொன்னேனே, அவன் அப்பவே அப்டி.

— துணிக்கடைக்கு அப்பால இன்னா வேல மேடம்?

— பயத்துலயும் கத கேக்கறா பாரு! அப்பால பஸ் ஸ்டாண்டு. மைக்குல பஸ் பேரு சொல்ற வேல. ஒரு சின்ன ரூமு, ஒரு ஃபேன், ஒரு மைக்கு. மொத மொத என் கொரல நானே அங்கதான் கேட்டேன். அவ்ளோ பெரிய எடம் பூரா என் கொரலு. ஊட்டுல பொம்பள கொரலு வாசலுக்கு கேக்கக் கூடாதுன்னு வளத்தவங்க, வந்து கேளுங்கடான்னு தோணும்.

— அத ஒரு தடவ சொல்லுங்க மேடம். எப்டி சொல்லுவீங்க?

— இப்ப அதுக்கா நேரம்?

— ஒரே ஒரு தடவ. மெதுவா.

— பயணிகள் கவனிக்கவும். கோட்டக்குப்பம், காலாப்பட்டு, கூனிமேடு, மரக்காணம் வழியாக சென்னை செல்லும் பேருந்து, புறப்படத் தயாராக உள்ளது... போதுமா? ஒரு நாளைக்கு எத்தினி தடவ சொல்லியிருப்பேன். அந்த பஸ்சுல ஒரு நாளும் ஏறல நான். ஏன்டி, அழறியா சிரிக்கறியா?

— ரெண்டும் மேடம். சொல்லுங்க.

— அப்பறம் பதிவு பண்ண கொரலு வந்துச்சு, என் கொரலு வேணாம்னுட்டாங்க. கேஸ் ஏஜென்சியில போன் எடுத்தேன். சிலிண்டர் வரலன்னு ஊரே திட்டும். திட்டு வாங்கிக்கினே விலாசத்த கேட்டு வாங்கறது எப்டின்னு அங்கதான் கத்துக்கினேன். இந்த நாற்காலிக்கு அதான் படிப்பு. வானூர்ல ஒரு டியூஷன் சென்டர்ல கூட்டிப் பெருக்கினேன். பெஞ்சுக்கு அடியில குனிஞ்சுக்கினே பாடம் கேட்டேன். ஊர்க்காவல் படையில சேந்து தேர் கூட்டத்துல கயிறு புடிச்சேன். வயசு தாண்டப் போற கடைசி வருஷத்துல பரீட்ச எழுதி உள்ள வந்தேன்.

— உள்ள வந்ததும் கன்ட்ரோல் ரூமா?

— இல்ல. பந்தோபஸ்துல ஒரு அதிகாரிய எதுத்துப் பேசிட்டேன். வெயில்ல வந்திருந்த பொம்பளைங்கள நிழலுக்கு அனுப்புங்கன்னு நான் சொன்னதுக்கு. இவ வாய அடக்கணும்னு இங்க மைக்கு முன்னாடி போட்டாங்க. எவ்ளோ புத்திசாலிங்க பாத்தியா? வாய அடக்கறதுக்கு மைக்கு! தண்டனைன்னு குடுத்தாங்க, எனக்கு இதான் சிம்மாசனம். நான் ஒரு வார்த்த சொன்னா ஒரு மாவட்டமே திரும்புது.

— உங்களுக்கு யாரும் உதவி பண்ணலயா மேடம்?

— ஒருத்தரும் இல்ல. அதுலதான் எனக்கு திமிரு. ஒருத்தர் கையையும் புடிச்சு நான் ஏறல. நாளைக்கு எவனும் வந்து, நான்தான் இவள ஆளாக்கினேன்னு சொல்ல முடியாது. எங்கூட்டுல எனக்காக ஒரு ஈ எறும்புகூட நகரல.

— ரோந்து ரெண்டு டு கன்ட்ரோல். வாய்க்கா பாலம் தாண்டி அளத்துக்குள்ள வந்துட்டேன் மேடம். இதுக்கு மேல ஜீப்பு போவாது, வரப்பு சின்னதா இருக்குது. கொட்டாய் தெரியுது. ரோட்டு பக்கம் ஒரு வேன் வேற வந்து நிக்குது. மாப்பிள்ள ஊடு எறங்கறாங்க. நான் நேரா போயி பெரியவங்ககிட்ட மரியாதையா பேசட்டுமா, ஓவர்.

— பேசாதீங்க. பேச ஆரம்பிச்சா ஊரே கூடும். கூடினா பஞ்சாயத்து. பஞ்சாயத்து முடியறதுக்குள்ள அவ தலையில பூ வெச்சிடுவாங்க. வண்டி போற வரைக்கும் கொட்டாய்க்கு பின்பக்கமா வந்து, வரப்பு முனையில திருப்பி நிறுத்துங்க, கதவ தொறந்து வைங்க. பொண்ணு உங்ககிட்ட வரும்.

— பூட்டியிருக்குதுன்னு சொன்னீங்க. எப்டி வரும் மேடம், ஓவர்.

— வரும். நிறுத்துங்க. அருள்மொழி, பின்பக்கத் தட்டிக்கு போ. அம்பாரத்து மேல ஏறி அந்தாண்ட எறங்கு. எறங்கிட்டியா?

— எறங்கிட்டேன்.

— வடக்கு மூலையில கீழ குனிஞ்சு பாரு. தட்டிய நட்ட கம்போட சேத்து கயித்தால கட்டியிருக்கும். அந்த மூலையில மட்டும் கயிறு உப்புல இத்துப் போயி கெடக்கும். காலால உதச்சா தொறந்துக்கும். ஒரு ஆளு படுத்து வெளிய வரலாம்.

— அது உங்களுக்கு எப்டி மேடம் தெரியும்?

— ஏன்னா அது வழியாத்தான் நான் வந்தேன். இப்ப கேக்காத, உதை! பொடவைய தூக்கிச் சொருவிக்கோ. வெளிய வந்ததும் பாத்தியில எறங்காத, வழுக்கும். வரப்பு மேலயே ஓடு. திரும்பிப் பாக்காத. போன கையிலயே வெச்சுக்கோ. ஓடு!

— கன்ட்ரோல், கன்ட்ரோல்! வருது மேடம், பொண்ணு வருது! பட்டுப் பொடவைய முட்டிக்கு மேல சொருவிக்கினு வெள்ள உப்பு நடுவுல பறந்து வருது. யம்மா, இன்னா ஓட்டம்! பின்னாடி ஒருத்தர் பைக்க எடுத்துக்கினு... வரப்புல பைக்கு போவாதுய்யா... போச்சு, பாத்தியில கவுந்துட்டாரு மேடம், ஓவர்.

— கன்னியப்பனுக்கு அடிபட்டுச்சா?

— எந்திரிச்சு நிக்கறாரு. உப்புல பொரட்டின மீனு மாதிரி இருக்காரு. பொண்ணு ஏறிடுச்சு! வண்டிய எடுத்துட்டேன். தனக்கோடி அண்ணன் கைய ஆட்டிக்கினு ஓடியாராரு. நிறுத்தட்டா, ஓவர்.

— நிறுத்தினீங்கன்னா...

— சும்மா கேட்டேன் மேடம். நிறுத்தல. சாப்பாடு போனா போவட்டும். இந்தப் பொண்ணு நாளைக்கு கிரவுண்டுல பாஸு, நான் எழுதியே குடுக்கறேன். ஓவர்.

— நேரா விழுப்புரத்துக்கு கொண்டாங்க. நான் வாசல்ல நிப்பேன். அருள்மொழி, லைன்ல இருக்கியா?

— இருக்கேன்... மூச்சு வாங்குது...

— மெதுவா. வந்துட்ட இல்ல, இனிமே ஆனது ஆவட்டும். ஒண்ணு சொல்லணும் உன்கிட்ட. நான் யாருன்னு...

— தெரியும் அத்தை.

— இன்னான்னு கூப்பிட்ட?

— அத்தைன்னேன். மொத மூணு தடவையும் வேற யாரோ எடுத்தாங்க, அதான் கட் பண்ணேன். வேற யாரா இருந்தாலும் அப்பாவுக்கு தெரிஞ்ச ஆளா அனுப்பி சமாதானம் பேசிடுவாங்க. சூர்யகலா கொரலு வர்ற வரைக்கும் அடிச்சுக்கினே இரு, அவங்களா சொல்ற வரைக்கும் தெரிஞ்ச மாதிரி காட்டாதன்னு சொன்னாங்க.

— யாரு சொன்னா?

— அம்மா. தல வாரும்போது காதுல சொல்லிச்சு. சின்ன வயசுல என்னை பாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு இட்டுக்கினு போயி குந்த வெக்கும் அத்தை. பஸ்சு வரும், போவும், நாங்க ஏற மாட்டோம். மைக்குல அந்தக் கொரலு வந்தா மட்டும் அம்மா என் கைய இறுக்கிப் புடிச்சுக்கும். அப்பால நீங்க போலீஸ் கன்ட்ரோல் ரூமுக்கு போனதையும் விசாரிச்சு வெச்சிருந்துச்சு. அதான் உங்கள பஸ் பேரு சொல்லச் சொன்னேன்.

— அமராவதி அண்ணியா? பஸ் ஸ்டாண்டுல வந்து குந்தியிருந்தாங்களா? அன்னைக்கு கதவுக்கு வெளிய தாப்பா போட்டதே அவங்கதான்டி. கைக்குழந்தைய இடுப்புல வெச்சுக்கினு, உன்னத்தான், என் மூஞ்சிய பாக்காம தாப்பா போட்டாங்க. அந்த சத்தம் இன்னமும் என் காதுல இருக்குது. இப்ப அண்ணி எங்க? உங்கப்பன் அவங்கள சும்மா வுட மாட்டானே!

— காலையிலயே காதோட வாம்மான்னு கூப்பிட்டேன், வரலன்னுடுச்சு. அருவாள இடுப்புல சொருவிக்கினு ஊட்டு வாசல்ல குந்தியிருப்பேன், கேட்டா நான்தான்னு சொல்லுவேன், இந்த தடவ மறைக்க மாட்டேன்னுச்சு.

— இந்த தடவன்னா? எந்த தடவ மறைச்சாங்க?

— அந்தக் கயிறு இத்துப் போவல அத்தை. உப்பு இரும்பத்தான் தின்னும், நார்க் கயித்த தின்னாது. அளத்துல பொறந்துட்டும், தானா இத்துப் போச்சுன்னுதான் நீங்க நெனச்சிருப்பீங்கன்னு அம்மா காலையில காதோட சொல்லி சிரிச்சுச்சு. இன்னைக்கு காலையில எனக்கு அறுத்து வெச்ச மாதிரியே, அன்னைக்கு உங்களுக்கும், தாப்பாள போட்டுட்டு பின்பக்கமா போயி, என்னை இடுப்புல வெச்சுக்கினு அதே அருவாளால அம்மாதான் அறுத்துச்சாம்.